‘நினைக்கேன்’ என்பதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல்?

கேள்வி: கெஸ், அஸ்யூம், இன்ஃபர், எஸ்டிமேட் என எதைத் தேடினாலும் அகராதி ‘ஊகி, அனுமானி, மதிப்பிடு’ என்று சுற்றிச் சுற்றி அதையே சொல்கிறது. எதை எங்கே போடுவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள், சொல் தானாக வந்துவிடும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். கார் நெல்லுக்கு அணையில் என்றைக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்று யாரோ கேட்க, வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னால் அது ‘கெஸ்’. சரியாக இருந்தாலும் அதிர்ஷ்டம்தான்.

தண்ணீர் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு நாற்றங்காலில் விதை பாவிவிட்டால் அது ‘அஸ்யூம்’. இங்கே சரிபார்க்கவில்லை, ஆனால் அதன்மேல் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். ‘எக்ஸ் என்பது 5 என்று வைத்துக்கொள்’ என்று கணக்கு சார் சொல்வாரே, அந்த ‘வைத்துக்கொள்’தான் அஸ்யூமுக்குச் சரியான தமிழ். (அலுவலக ஆணைகளில் வரும் ‘அஸ்யூம்டு சார்ஜ்’ வேறு. அங்கே பொருள், பொறுப்பேற்றார்.)

ஊரில் சொட்டு மழை இல்லை, ஆற்றில் மட்டும் தண்ணீர் செங்கலங்கலாக வருகிறது. மேலே மலையில் நல்ல மழை என்று சொல்கிறீர்கள். இது ‘இன்ஃபர்’. கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றுக்குப் போவது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதைத் தருக்கத்தில் அனுமானம் என்றார்கள். தமிழில் அதற்குக் ‘கருதல்’ என்று பெயர். ஆக அனுமானம் என்ற சொல் இன்ஃபருக்குத்தான் சொந்தம். அதை அஸ்யூமுக்கும் கொடுத்துப் பழக்கியதால்தான் பாதிக் குழப்பம்.

‘எஸ்டிமேட்’டில் கணக்கு உண்டு. ஏத்தன் வாழைத்தாரைத் தூரத்திலிருந்து பார்த்து ‘பத்து கிலோ இருக்கும்லா’ என்றால் கெஸ். கிட்டே போய் 5 சீப்பு, சீப்புக்குப் பத்து காய், காய் ஒன்று 200 கிராம் என்று பெருக்கி 10 கிலோ என்றால் எஸ்டிமேட். விடை ஒன்றேதான், வந்த வழி வேறு. உச்சரிப்பையும் கவனியுங்கள்: வினையாக வரும்போது கடைசியில் ‘மேய்ட்’, பெயராக வரும்போது ‘மட்’. வீடு கட்டும்போது கொத்தனார் தரும் எஸ்டிமேட் கூடலாம், குறையலாம். ‘கொட்டேஷன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதில் குறித்த நாள்வரை அந்த விலைதான் என்று பொருள். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது.

கேள்வி: விடுதியில் என் பொருள் காணாமல் போனது. ஒருத்தி மேல் சந்தேகம் என்பதால் ‘ஐ டவுட் ஷி டுக் இட்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘அவள் எடுக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே’ என்கிறார்கள். எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தப்பு ‘டவுட்’டில். அவர்கள் படித்ததுதான் சரி. தமிழில் ‘சந்தேகம்’ இரண்டு பக்கமும் பாயும். ‘அவன் வருவானாங்கிறது சந்தேகம்தான்’ என்றால் வரமாட்டான் என்று பொருள். ‘அவன்தான் எடுத்திருப்பானோன்னு சந்தேகம்’ என்றால் எடுத்தான் என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல். மனம் ‘இல்லை’ என்ற பக்கம் சாய்ந்தால் ‘டவுட்’. ‘ஆமாம்’ என்ற பக்கம் சாய்ந்தால் ‘சஸ்பெக்ட்’. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ சஸ்பெக்ட் ஷி டுக் இட்’. ஆளை முன்னால் வைத்தால் ‘ஐ சஸ்பெக்ட் ஹெர் ஆஃப் டேக்கிங் இட்’; நடுவில் ‘ஆஃப்’ விட்டுப்போகக் கூடாது.

எழுதும் முன் ஒரு சோதனை. உங்கள் வாக்கியத்தின் முடிவில் ‘அப்படி இருக்காது’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் டவுட். ‘அப்படித்தான் இருக்கும்’ பொருந்தினால் சஸ்பெக்ட்.

வகுப்பில் எழுந்து ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு ஆசிரியரிடம் சொன்னால், தான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ போதும். ‘டவுட்’டின் எழுத்துகளில் ‘பி’ உண்டு, வாயில் வராது.

கேள்வி: அஸ்யூம், ப்ரிஸ்யூம் இரண்டும் ஒன்றுதானே?
– போட்டித் தேர்வு எழுதுபவர், வள்ளியூர்

பதில்: பேச்சில் கலந்து வரும், தேர்வில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் அடியில் ‘எடு’ என்னும் ஒரே லத்தீன் வினை. ப்ரிஸ்யூமில் ‘முன்கூட்டியே’ சேர்கிறது. அஸ்யூமுக்கு ஆதாரம் தேவையில்லை. ப்ரிஸ்யூமுக்கு ஏதோ ஒரு நியாயம் உண்டு. மறுத்து யாராவது நிரூபிக்கும்வரை அது நிற்கும். கோர்ட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்படக்கூடியவர்களே 7 ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவரை இறந்துவிட்டார் என்று கொள்வதுதான் ப்ரிஸ்யூம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது; இந்த 7 ஆண்டு விதி அதிலும் தொடர்கிறது.

கேள்வி: ‘பார்த்திருக்கணும்’ என்பதற்கு ‘மஸ்ட் ஹாவ்’வா, ‘ஷுட் ஹாவ்’வா?
– ஆசிரியை, களக்காடு

பதில்: அது நீங்கள் எந்தக் குரலில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! மருந்துச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. ‘அவர் டாக்டரைப் பார்த்திருக்கணும்’ என்கிறோம். பார்த்தார் என்ற முடிவு இது: ‘மஸ்ட் ஹாவ் ஸீன்’. காய்ச்சல் முற்றிவிட்டது, ‘அப்பவே டாக்டரைப் பார்த்திருக்கணும்’ என்கிறோம். பார்க்கவில்லை என்ற குறை இது: ‘ஷுட் ஹாவ் ஸீன்’. முதலாவதற்கு எதிர்மறை ‘கான்ட் ஹாவ் ஸீன்’, அதாவது பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. பிள்ளைகளுக்கு இலக்கணப் பெயர் சொல்லிக்கொடுப்பதைவிட இந்தச் சீட்டையும் காய்ச்சலையும் சொன்னால் நிற்கும்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் அபிப்பிராயம் கேட்டால் எப்படித் தொடங்குவது? ‘அக்கார்டிங் டு மீ’ தப்பாமே?
– வாசகர், நாங்குநேரி

பதில்: தவிர்ப்பது நல்லது. ‘அக்கார்டிங் டு’ அடுத்தவர் சொன்னதற்கு. ‘செய்தித்தாள் சொல்கிறபடி’ என்பதுபோல. ‘என் கருத்துப்படி’ என்பதை அப்படியே பெயர்ப்பதால் வரும் வினை இது. ‘ஐ திங்க்’ என்று தொடங்கினால் ஒரு குறையும் இல்லை. ‘இன் மை ஒபினியன், ஐ திங்க்’ என்று இரண்டையும் அடுக்காதீர்கள், ஒன்று போதும். ‘ஐ ஆம் திங்கிங் தட்’ வேண்டாம். கருத்துக்கு ‘இங்’ சேராது. ‘வரமாட்டார்னு நினைக்கேன்’ என்பதற்கு ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’, மறுப்பு முன்னாலேயே வந்துவிடும். அப்புறம் ‘சப்போஸ் இஃப்’. நம் பேச்சில் ‘சப்போஸ் மழை வந்தா’ என்றே பழகிவிட்டதால் ஒட்டிக்கொள்கிறது. சப்போஸ் போட்டால் இஃப் வேண்டாம்.