கொரோனாவின்போது வாய்ப்புண்: உங்கள் தந்தையைப் பற்றிய கேள்விக்கு

வணக்கம். கொரோனா உறுதியான ஐந்தாம் நாளில் உங்கள் தந்தையின் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் புண்கள் தோன்றியிருப்பதாகவும், இது கிருமியின் நேரடி விளைவா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படியும் இருக்கலாம்; ஆயினும் காய்ச்சலில் நீர்ச்சத்து குறைவதும், மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சுவிட்டு வாய் உலர்வதும், உடலில் உறங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் மீண்டும் தலைதூக்குவதும்கூடக் காரணமாகலாம்.

அவர் ஸ்டீராய்டு இன்ஹேலர் (வாய்வழியே உள்ளிழுக்கும் மருந்து) பயன்படுத்துவதாக எழுதியிருப்பதால், அதனால் வாயில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சிவந்த விளிம்புடன், நடுவில் மஞ்சள் கலந்த வெண்மையாக, வட்டமாக இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண வாய்ப்புண்தான்; தயிர்த் திட்டுபோல் படர்ந்து, மெல்லத் துடைத்தால் பெயர்ந்து, அடியில் சிவந்து தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும், அதற்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்து தேவை. இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறை இழுத்த பின்னும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். தண்ணீரே விழுங்க முடியாமல் சிறுநீர் குறைந்தாலோ, கண்ணிலோ தோலிலோ கொப்புளங்கள் தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2 வாரங்கள் கடந்தும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.