பாஸ் கையில், சீட் எங்கே? ஐரோப்பிய ரயில் பயணம்: கேள்வி-பதில்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு 14 நாள் ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 67 வயது அப்பா, 63 வயது அம்மா. பாரிஸில் இறங்கி, இன்டர்லாக்கன், மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ் பார்த்துவிட்டு ரோமில் விமானம் ஏறுகிறோம். 7 நாள் யூரெயில் பாஸ் எடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது என்கிறார் நண்பர். எடுக்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்கள் பாதைக்கு வேண்டாம். நண்பர் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் போயிருப்பார். அங்கே அவர் சொல்வது சரி.

பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் இந்த யூரெயில் பாஸை நம் ஊர் சீசன் டிக்கெட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறலாம், ஆனால் உட்கார இடம் உறுதியில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரிசர்வேஷன் இல்லாமலே ஏறி, காலியான சீட்டில் உட்காரலாம். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் அதிவேக வண்டிகள், யூரோஸ்டார், இரவு ரயில்கள் ஆகியவற்றில் அது நடக்காது. பாஸ் இருந்தாலும் தனியாகக் காசு கட்டி சீட் வாங்கியே ஆக வேண்டும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம்தான். அவை தீர்ந்தால், பாதி வண்டி காலியாக ஓடினாலும் உங்களுக்கு இடம் கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி எதுவும் அங்கே இல்லை. உங்கள் பாதையில் பெரும்பகுதி இந்த வகை வண்டிகள்தான்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் உண்மையில் ஊர் விட்டு ஊர் போகிற நாட்கள் ஐந்தே. பாரிஸ்–இன்டர்லாக்கன், இன்டர்லாக்கன்–மிலான், மிலான்–வெனிஸ், வெனிஸ்–ஃபிளாரன்ஸ், ஃபிளாரன்ஸ்–ரோம். பாஸில் கணக்கு வைப்பது ரயில் ஏறும் நாட்களை மட்டும்தான், ஆக 7 நாள் பாஸ் தேவையே இல்லை. 5 நாள் பாஸ் இரண்டாம் வகுப்பில் பெரியவருக்கு 320 யூரோவை ஒட்டி வரும். 60 தாண்டிய அப்பா அம்மாவுக்கு 10 சதவீதம் குறைவு. நான்கு பேருக்கு 1,200 யூரோ பக்கம். 4 முதல் 11 வயது வரை பிள்ளைகளுக்கு, ஒரு பெரியவருக்கு இருவர் என்ற கணக்கில், பாஸ் இலவசம். ஆனால் சீட்டுக்கு அவர்களும் கட்ட வேண்டும். ஃப்ரெச்சாரோசாவில் பாஸ்காரருக்கு சீட் 13 யூரோ. ஆறு பேர், மூன்று வண்டி, 234 யூரோ. பாரிஸிலிருந்து, இன்டர்லாக்கனுக்கு வண்டி மாறும் சுவிஸ் ஊரான பாசல் போகும் டிஜிவிக்கும், சுவிஸிலிருந்து மிலான் இறங்கும் வண்டிக்கும் கொடுப்பது தனி.

பாஸ் இல்லாமல் இதே இத்தாலிய வண்டிகளுக்கு இரண்டு மாதம் முன்னால் டிக்கெட் எடுத்தால் ஒரு தடத்துக்கு 20–30 யூரோவில் கிடைப்பதுண்டு. ஐந்து பயணத்தையும் சேர்த்து பெரியவர் ஒருவருக்கு 200 யூரோவை ஒட்டி முடித்துவிடலாம் என்பது என் கணிப்பு. பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் போட்டால்கூடப் பாஸைவிடச் சில நூறு யூரோ மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மலிவான டிக்கெட் பெரும்பாலும் பணம் திரும்பாத டிக்கெட். ஷெங்கன் வீசா இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அதை வாங்குவது சூதாட்டம். (வீசா கட்டணமே 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குள் 45. உங்கள் சின்னதுக்கு இலவசம்.) பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் அதை முதலில் முடியுங்கள். வீசா வந்த அன்று மாலையே உட்கார்ந்து டிக்கெட் எடுங்கள். பாஸுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: செயல்படுத்தாத பாஸைத் திருப்பிக் கொடுத்தால் பிடித்தம் போக மீதி வரும். தள்ளுபடியில் வாங்கிய பாஸுக்கு அந்த வசதி இல்லாமலும் போகலாம், வாங்கும்முன் படித்துப் பாருங்கள்.

சுவிஸில் தங்கும் நாட்களுக்கு சுவிஸ் டிராவல் பாஸைத் தனியாக யோசியுங்கள். ரயில், பஸ், படகு எல்லாம் அதில் அடக்கம். பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் 6 முதல் 15 வயது வரை பிள்ளைகளுக்கு இலவச குடும்ப அட்டை உண்டு, அதற்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் நிலையம் மட்டும் இதில் முழுதாக அடங்காது. வழியில் உள்ள கிரின்டெல்வால்ட், வெங்கன் ஊர்கள் வரை பாஸ் செல்லும். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடிதான். மேலே போகும் செலவு பட்ஜெட்டையே அசைக்கும். வானம் தெளிவாக இருக்கிற நாளைப் பார்த்து அன்றைக்கு எடுங்கள். மேகம் மூடினால் அப்பா அம்மாவுக்குத் தெரியப்போவது வெள்ளைச் சுவர்தான்.

இன்னொன்று. பாசலில் வண்டி மாற ஆப் 10 நிமிடம் காட்டும். ஆறு பேர், ஐந்து பெட்டி, கூலி ஆள் கிடையாது. அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குத் திட்டமிடுங்கள். ஃபிளாரன்ஸிலிருந்து பீசா கோபுரம் பார்க்க வட்டார ரயிலில் போவீர்கள். தாள் டிக்கெட் எடுத்தால் ஏறும்முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்துக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். நான் முதல் முறை போனபோது டிக்கெட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஏறி, காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே அபராதமும் கட்டினேன்.

கேள்வி: நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா ஒரு மாதம் வருகிறார்கள். எல்லோரும் ஒரே பாஸ் எடுக்கலாமா? டாய்ச்லாண்ட் டிக்கெட் போதுமா?
– ஜெர்மனி வாசகி

பதில்: பெயர்தான் இரண்டு. ஐரோப்பாவில் வசிக்கும் உங்களுக்கு இன்டர்ரெயில், இந்தியாவில் வசிக்கும் அவர்களுக்கு யூரெயில். ஏறும் வண்டி ஒன்றே. உங்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இன்டர்ரெயில் குளோபல் பாஸில், வசிக்கிற நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். அப்பா அம்மா ஹாம்பர்க், பெர்லின் என்று சுற்றலாம். அதே பாஸ் என்று நீங்களும் கூடவே ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. ஊருக்குள்ளும் வட்டார ரயில்களிலும் சுற்ற இதைவிட மலிவாக எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுங்கள்: வண்டி எண்ணுக்கு முன்னால் ஆர்இ, ஆர்பி, எஸ் என்று இருந்தால் ஏறலாம். ஐசிஇ, ஐசி, இசி என்று இருந்தால் கூடாது. தப்பாக ஏறினால் குறைந்தது 60 யூரோ அபராதம். இது மாதச் சந்தா. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பகுதிக்கு வரும் புகார்களில் பாதி இதைப் பற்றித்தான்.

கேள்வி: சென்ற கோடையில் ஐரோப்பாவில் ஒரு இணைய முகவரிடம் இரண்டு வண்டிக்குச் சேர்த்து டிக்கெட் வாங்கினோம். முதல் வண்டி 50 நிமிடம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. நான்கு பேருக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. ரயில்காரர் முகவரைக் கேள் என்கிறார், முகவர் ரயில்காரரைக் கேள் என்கிறார். யாரைப் பிடிப்பது?
– சென்னை வாசகர்

பதில்: முதலில் முகவர் அனுப்பிய மின்னஞ்சலைத் தோண்டி எடுங்கள். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி ஒப்பந்தம் என்று வாங்கும் முன்பே சொல்லி, டிக்கெட்டிலோ கூட வந்த ஆவணத்திலோ எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் நிற்கிறது. 2023 ஜூன் 7 முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய ரயில் பயணிகள் உரிமைச் சட்டப்படி, முகவர் தானாக டிக்கெட்டுகளைச் சேர்த்து விற்று, அப்படி எதுவும் சொல்லாமல் இருந்து, இணைப்பு வண்டி தவறினால், முழுத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும்.

அந்த வரி இருந்தால் முகவர் தப்பித்துக்கொள்வார். ரயில்காரரிடமும் அதிகம் கிடைக்காது. ஒன்றியச் சட்டம் சேர வேண்டிய இடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் 25 சதவீதம், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதம் என்கிறது. உங்கள் வண்டி தாமதமானது 50 நிமிடம்தான். வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு அதுவும் இல்லை. சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து 30 நிமிடத்திலிருந்தே கொடுக்கும். பிரான்சின் டிஜிவி இன்வி அப்படி வவுச்சர் தருகிறது. எந்த வண்டி என்று பார்த்துக் கேளுங்கள். விண்ணப்பிக்க மூன்று மாதம்தான் அவகாசம். சென்ற கோடை என்கிறீர்கள், ரயில்காரரிடம் கேட்கும் காலம் கடந்திருக்கலாம். முகவரை விடாதீர்கள்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு: படிவத்தில் ஐபான் எண் (ஐரோப்பிய வங்கிகள் கணக்குக்குத் தரும் சர்வதேச எண்) கேட்பார்கள். இந்திய வங்கிக் கணக்குக்கு அப்படி ஒன்று கிடையாது. பணம் கட்டிய கார்டுக்கே திருப்பி அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். அந்தக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வைத்துவிட்டுத்தான் டிக்கெட்டே எடுக்க உட்கார வேண்டும்.

கேள்வி: ரயிலில் நம் சாப்பாடு சாப்பிடலாமா? நெய், பால்கோவா எடுத்துப் போகலாமா?
– மதுரை வாசகி

பதில்: ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பால்கோவா இரண்டும் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் தாராளமாகக் கொண்டுபோங்கள். பாரிஸில் இறங்கினால் கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்பக்கம், லா ஷப்பேல் பகுதிக்கு நடந்தே போய்விடலாம். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடியப்பம், சம்பல் கிடைக்கும், கடைப் பெயர்ப் பலகையே தமிழில் இருக்கும்.