கதைச் சுருக்கத்துக்கு விமர்சனம் என்று பெயர் வைக்காதீர்கள்

கேள்வி: குடியாத்தத்தில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். மு.வ.வின் (மு. வரதராசன்) ‘அகல் விளக்கு’ நாவலுக்குத் திறனாய்வு எழுதித் தர வேண்டும். எழுத உட்கார்ந்தால் கதையைத்தான் திரும்பச் சொல்கிறேன். விருது பெற்ற நூலில் குறை சொல்லவும் பயம். ஜெராக்ஸ் கடையில் எழுதியே தருகிறார்களாம், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். ‘சமூக அவலங்களைப் படம்பிடித்துக் காட்டுகிறது, பாத்திரப் படைப்பு சிறப்பு, நடை எளிமை.’ நூலின் பெயரை அடித்துவிட்டால் எந்த நாவலுக்கும் பொருந்தும். இதற்கு மதிப்பெண்ணும் விழுகிறது! பக்கத்தை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கும்வரை வேலூர் முதல் வாணியம்பாடி வரை அந்தக் கடைகளுக்கு வியாபாரம் படுக்காது.

கதையைப் பத்து வரியில் முடித்துவிடுங்கள். பிறகு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நாவலில் கதை சொல்பவன் வேலய்யன். ஒழுங்காகப் படித்துத் தேறியவன், தடம் மாறிய நண்பன் சந்திரனைப் பற்றிச் சொல்கிறான். சந்திரன் கெட்டதற்கு வேலய்யன் காட்டும் காரணத்தை அப்படியே ஏற்கலாமா? கையில் பென்சிலோடு படியுங்கள். கதை நின்று அறிவுரை தொடங்கும் இடத்தில் கோடு போடுங்கள். அந்தப் பத்தியை விட்டுவிட்டுப் படித்தால் கதை இறுகுகிறதா, தளர்கிறதா? நீங்கள் கண்டதை எழுதி, இரண்டு வரி மேற்கோளும் பக்க எண்ணும் கொடுங்கள். விமர்சனம் முக்கால்வாசி முடிந்தது.

கதையை விரித்துச் சொல்ல ஓரிடத்தில் மட்டும் அனுமதி உண்டு. ஆசிரியர் எதை முன்னால் சொன்னார், எதைத் தள்ளிப்போட்டார் என்ற வரிசையே உங்கள் வாதமாக இருந்தால், அந்த நிகழ்ச்சிகளைச் சொல்லியாக வேண்டும். அப்போதும் வாதத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் போதும். அனுமதி கிடைத்தது என்று முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள்.

இந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1961-இல் கிடைத்தது. மு.வ. நம் வட ஆர்க்காட்டுக்காரர், வாலாஜாவையும் பாலாற்றையும் நாவலுக்குள் கொண்டுவந்தவர் என்ற பாசம் எனக்கும் உண்டு. அதற்காக வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ‘பிடிக்கவில்லை’ என்று நிறுத்தாமல் எந்தப் பக்கம், ஏன் என்று காட்டுங்கள்.

நன்றாக எழுதிவிட்டால் இன்னொருவர் வருவார், ‘பன்னாட்டு ஆய்விதழில் போட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்’ என்று. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் காட்டுவார். அது இதழை அடையாளம் காண்பதற்கான எண், தரத்துக்குச் சான்று இல்லை. பணம் என்று வாயைத் திறந்தால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.