கட்டடத்தில் லிஃப்டைச் சுற்றிய கான்கிரீட் சுவர் முழுக்க ஒரே ஓரத்தில் இருக்கிறது. கட்டடக் கணிப்பு மென்பொருளான ஈடாப்ஸில் 5% எக்சென்ட்ரிசிட்டி (விசை மையம் விலகும் தூரம்) கொடுத்துவிட்டால், நிலநடுக்கத்தில் கட்டடம் திருகும் முறுக்கு விளைவுக்குப் போதாதா?

போதாது. அந்த 5% வேறு விஷயத்துக்கு.

நிலநடுக்க விசை ஒவ்வொரு தளத்திலும் நிறை மையத்தில், அதாவது பாரத்தின் நடுப்புள்ளியில் வந்து விழுகிறது. தளமோ விறைப்பு மையத்தை, அதாவது சுவர்களும் தூண்களும் தரும் விறைப்பின் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்ப முயலும். உங்கள் பிளானில் லிஃப்ட் சுவர்தான் கதவின் கீல். எதிர் ஓரத்துத் தூண்கள்தான் அதிகம் ஆடும், அடியும் அவற்றுக்குத்தான். 5% என்பது கணக்கில் பிடிபடாத கோளாறுகளுக்கு, அதாவது பாரம் நாம் நினைத்த இடத்தில் இல்லாமல் போவது போன்றவற்றுக்கு. இந்த இரண்டு மையங்களுக்கும் நடுவே பிளானிலேயே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி தனிக் கணக்கு.

இந்திய நிலநடுக்க விதிநூலான ஐஎஸ் 1893, 2016 பதிப்புப்படி அந்த இடைவெளியை 1.5 ஆல் பெருக்கி, விசைக்குக் குறுக்கான கட்டட நீளத்தில் 5% கூட்ட வேண்டும். அப்புறம் பெருக்காமல் 5% கழித்தும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் எது மோசமோ அதுதான் டிசைனுக்கு. 20 மீட்டர் நீளம், நிறை மையம் நடுவில், விறைப்பு மையம் லிஃப்ட் ஓரத்திலிருந்து 4 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 6 மீட்டர். பெருக்கினால் 9, கூட்டினால் 10. நடுக்கத்தை நிலையான பக்க விசையாகப் போடும் ஸ்டேடிக் முறையில் நீங்கள் வெறும் 0.05 கொடுத்தால், மாடலில் இருக்கும் 6 மீட்டரோடு 1 மீட்டர்தான் சேரும். மீதி 3 மீட்டர் தானாக வராது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, 10 மீட்டருக்கே டிசைன் செய்துவிட்டால்? கம்பி கூடும், முறுக்கல் போகாது. நிகரகுவாவின் மனாகுவாவில் 1972 டிசம்பர் 23 அன்று நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கே மத்திய வங்கியின் 15 மாடிக் கட்டடத்தில் லிஃப்டைச் சுற்றிய கான்கிரீட் கூடுகள் ஒரு முனையில் ஒதுங்கியிருந்தன. அருகிலேயே 18 மாடி பாங்கோ டி அமெரிக்காவில் நான்கு கூடுகள் நடுவே சமச்சீராக நின்றன. ஒரே நடுக்கம்தான். முதல் கட்டடம் பலமாகச் சேதமானது, உயரமானது சிறிய சேதத்தோடு தப்பியது.

ஆகவே ஆர்க்கிடெக்டிடம் பேசி, எதிர் ஓரத்தில் ஒரு ஷியர் வால் (பக்க விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) வாங்கப் பாருங்கள். முறுக்கலைத் தடுக்கும் விறைப்பு, மையத்திலிருந்து சுவர் இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். 3 மீட்டரில் உள்ள சுவரை 9 மீட்டருக்குத் தள்ளினால் அதே சுவர் 9 மடங்கு உதவும். ஒரே ஒரு சுவர்தான் கிடைக்கும் என்றால் வெளி ஓரத்தையே கேளுங்கள்.

பிறகு இரண்டைச் சரிபாருங்கள். கட்டடம் இயல்பாக ஆடும் விதங்களான மோடுகளில் முதல் இரண்டும் நேர் அசைவாக வர வேண்டும், முறுக்கல் மோட் அவற்றுக்குப் பிறகுதான். ஒரு தளத்தின் ஒரு முனைப் பெயர்ச்சி மறுமுனையைப் போல 1.5 மடங்கைத் தாண்டினாலே அது முறுக்கு ஒழுங்கின்மை. 2 மடங்கைத் தாண்டினால் பிளானையே மாற்றச் சொல்கிறது விதி.

மாடலில் செங்கல் சுவரை வெறும் பாரமாக மட்டும் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூலை மனைக் கட்டடத்தில் தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் கடை ஷட்டர், பின்னால் இரண்டு பக்கமும் முழுச் சுவர் என்று இருக்கும். தூண்கள் கச்சிதமான கட்டத்தில் நின்றாலும் விறைப்பு மையம் பின்மூலைக்கு ஓடிவிடும். அந்தச் சுவர்களை மாடலில் மூலைவிட்ட ஸ்ட்ரட்டாக (சாய்ந்து அழுத்தம் தாங்கும் தண்டாக) போட்டு இன்னொரு முறை ரன் செய்து பாருங்கள்.