மானாவாரிக் காட்டில் மரம் வைத்தால் விளைச்சல் குறையுமா?

கேள்வி: மூன்று ஏக்கர் மானாவாரியில் நிலக்கடலையும் உளுந்தும் போடுகிறேன். பூக்கும் நேரத்தில் அனல்காற்று அடித்துப் பூ கொட்டிவிடுகிறது. மரம் வைக்கச் சொல்கிறார்கள். நிழல் விழுந்து விளைச்சல் போய்விடாதா?

பதில்: நிழலை நினைத்துப் பயப்படாதீர்கள், அதைக் கிளை வெட்டும் கவாத்தில் அடக்கிவிடலாம். கவனிக்க வேண்டியது வேர். மானாவாரியில் மரமும் பயிரும் ஒரே ஈரத்துக்குத்தான் போட்டி போடும். வேரைக் கட்டுக்குள் வைத்தால் மரம் உங்களுக்கு லாபம்.

உங்கள் பிரச்சினை காற்று என்பதால் உள்ளே நட அவசரப்பட வேண்டாம். அனல்காற்று வரும் பக்கத்து வரப்பில் மட்டும் இரண்டு வரிசை போடுங்கள். மரத்தின் உயரத்தைப் போல 10 முதல் 15 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். 8 மீட்டர் மரம் என்றால் ஏறக்குறைய 80 முதல் 120 மீட்டர். சுவர் மாதிரி அடைத்துவிடக் கூடாது. பாதிக் காற்றாவது ஊடே புக வேண்டும். அடைத்தால் காற்று மேலேறி, கொஞ்சம் தள்ளிச் சுழன்று பயிரை அடிக்கும்.

மரத்தை ஒட்டிய சில சால்களில் (உழவு வரிசைகளில்) மகசூல் குறையத்தான் செய்யும், அதை மறைக்க மாட்டேன். குறைக்க ஒரு வழி: கன்று வேர் பிடித்த பிறகு, ஒரு மீட்டர் தள்ளி, பயிர்ப் பக்கமாக இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பக்கவேரை அறுத்துவிடுங்கள். வளர்ந்த மரத்தில் ஒரே மூச்சில் வெட்டினால் மரம் சாய்ந்துவிடும். சின்னதில் தொடங்கி ஆண்டுதோறும் செய்யுங்கள்.

எந்த மரம்? வேம்பும், தழை உரத்துக்கு வளர்க்கிற கிளைரிசிடியாவும் கலந்து வைக்கலாம். கிளைரிசிடியாவை இடுப்பளவில் வெட்டி வெட்டிவிட்டால் தழைந்துகொண்டே இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) உள்ள அந்த இலையை விதைப்புக்கு முன் மடக்கி உழுங்கள், இல்லை மண்ணை மூடும் மூடாக்காகப் போடுங்கள். தைலமரம் மட்டும் வேண்டாம். சும்மா கிடைக்கிறதே என்று கிடைத்த கன்றையெல்லாம் நடுகிறவர்கள்தான் பிறகு மரத்தையே வெறுக்கிறார்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குக் கன்று காயாமல் இருக்க உயிர்த்தண்ணீரும் ஆடு கடிக்காமல் முள்வேலியும் கட்டாயம்.

பின்னால் உள்ளேயும் நடுவதானால் கிழக்கு மேற்காக வரிசை போடுங்கள். வரிசைக்கு வரிசை 10 மீட்டருக்குக் குறையாமல், உங்கள் டிராக்டர் கலப்பை திரும்புகிற கணக்கில் இடைவெளி விடுங்கள். விற்கிற மரம் என்றால், வெட்ட அனுமதி தேவையா என்று நடுவதற்கு முன்பே வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.