சீல் மீது பழி போடுவதற்கு முன்: முன் டிஃபரன்ஷியல் கேள்வி பதில்

மலைப்பாதை ஜீப்புகளின் அடியில் படுத்தே இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தவன் நான். முன் டிஃபரன்ஷியல் (விசையை இரண்டு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒழுகுகிறது, ஆடுகிறது என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பினியன் என்பது விசையை அதற்குள் கொண்டுவரும் சிறு பற்சக்கரம்; அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. சீல் என்பது தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்.

கேள்வி: என் பழைய மஹிந்திரா ஜீப் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஓடுகிறது. முன் டிஃபரன்ஷியலில் பினியன் பக்கம் ஆயில் ஒழுகி, ஓர் ஆண்டில் மூன்று முறை சீல் மாற்றிவிட்டேன். எந்த கம்பெனி சீல் நல்லது, அண்ணா?

பதில்: நான்காவது சீல் வாங்காதீர்கள் தம்பி. முதலில் ஹவுசிங் (டிஃபரன்ஷியலின் கூடு) மேல் இருக்கும் பிரீதரைக் கழற்றுங்கள். ஓடும்போது ஆயில் சூடாகிறது, உள்ளே காற்று விரிகிறது. அந்தச் சிறு மூச்சுக்குழாயைச் சேறு அடைத்திருந்தால், காற்று ஆயிலையும் தள்ளிக்கொண்டு சீல் வழியாகத்தான் வெளியேறும். டீசலில் கழுவிக் காற்று அடித்து மாட்டுங்கள். காசே ஆகாத வேலை.

அடுத்து, சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (டிஃபரன்ஷியலுக்கு விசை கொண்டுவரும் நீளத் தண்டு) டிஃபரன்ஷியல் பக்கம் கழற்றுங்கள். பினியன் முனையிலுள்ள யோக்கை (ஷாஃப்ட் மாட்டும் கவட்டை) இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், பிறகு முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். சுற்றும் திசையில் கொஞ்சம் அசைவு இருக்கும். கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே அந்த இடைவெளி தேவை. மற்றத் திசைகளில் மயிரிழை ஆட்டம்கூட ஆகாது. ஆடினால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். சீலின் உதடு வெறும் ரப்பர். தண்டு நடுவில் நின்று சுற்றினால்தான் அதனால் ஆயிலைத் தடுக்க முடியும்.

ஆட்டம் இல்லையா? யோக்கைக் கழற்றி, சீல் உட்காரும் வழவழப்பான இடத்தைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். சென்ற மாதம் ஒரு வண்டியில் அந்த இடம் பளபளவென்று இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகம் மட்டும் ஓரிடத்தில் தடுக்கியது. பழைய சீல்கள் உரசி உரசி மெல்லிய வளையமாகப் பள்ளம் வெட்டியிருந்தன. புதுச் சீலும் போய் அதே பள்ளத்தில்தான் உட்காரும். யோக்கை மாற்றிய பிறகுதான் ஒழுகல் நின்றது.

உங்கள் பாதைக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன் ஆக்சிலில் பினியன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்கிறது. இறக்கத்தில் வண்டியின் மூக்கு தாழ்ந்தால் பினியன் பக்கம் உயரும், ஆயில் முன்னே ஓடிவிடும். ஏற்கெனவே ஒழுகி அளவு குறைந்த வண்டி நெடுநேரம் இறங்கும்போது பினியன் பேரிங் ஆயிலே இல்லாமல் சுற்றுகிறது. அதனால் பேரிங் தேய்கிறது, தேய்ந்த பேரிங் இன்னும் ஒழுகவிடுகிறது. தினமும் மலையேறும் வண்டிக்கு வாரம் ஒரு முறையாவது லெவல் பிளக்கை (ஆயில் அளவு பார்க்கும் துளையின் மூடி) திறந்து விரலை விட்டுப் பாருங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும்.

கேள்வி: வண்டிக்கு அடியில் சொட்டுவது டிஃபரன்ஷியல் ஆயில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகம் சேர்ந்த மருந்து இருக்கிறது; அந்த நெடியை ஒரு முறை உணர்ந்தால் மறக்காது. இரவில் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்பது காலையில் தெரியும்.

கேள்வி: பினியன் ஆடுகிறது என்று காட்டினேன். மெக்கானிக் நட்டை நன்றாக இறுக்கிக் கொடுத்தார். ஆட்டம் போய்விட்டது, ஆனால் இப்போது ஊளையிடுவது போல் சத்தம் வருகிறது. (வால்பாறை)

பதில்: ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். இந்தத் தவறால் நல்ல கிரவுன் பினியன்கள் வீணாவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பல ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் குழல் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்கும்போது அது அளவாக நசுங்கி பேரிங்குக்குரிய இறுக்கத்தைத் தருகிறது. ஒரு முறை அளவு மீறி நசுங்கினால் மீளாது. நட்டைத் தளர்த்தினாலும் பயனில்லை. சில ஆக்சில்களில் குழலுக்குப் பதில் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) இருக்கும். அங்கே நட்டை இறுக்கி மட்டும் ஆட்டத்தைப் போக்க முடியாது.

பிரித்து, பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அதையும் மாற்றி, புதுக் குழல் போட வேண்டும். பினியனைச் சுற்றத் தேவைப்படும் விசையை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசை காட்டும் ஸ்பேனர்) அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பல் இடைவெளியை டயல் கேஜில் (முள் காட்டும் நுண் அளவுமானி) பாருங்கள். பல ஆக்சில்களுக்கு அது 0.10 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வரும். பற்களில் சாயம் தடவிச் சுற்றி, படியும் தடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கருவிகள் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2020க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் என்னுடையது. நான்கு சக்கர இயக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்னால் 'டக்' என்கிறது. பினியனில் ஆட்டம் இல்லை.

பதில்: உங்கள் வண்டியில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியல் சேஸிஸில் ரப்பர் புஷ்கள் மேல் தொங்குகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே நெம்புகோல் கொடுத்து மெல்ல அழுத்துங்கள். மொத்த ஹவுசிங்கும் துள்ளினால் புஷ் கிழிந்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. துள்ளவில்லை என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் பேரிங்கை (ஷாஃப்ட் மடங்கும் மூட்டு) பாருங்கள். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தால், சக்கரங்களுக்குப் போகும் பக்க ஷாஃப்ட்டுகளின் கோணம் கூடி, மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கும். அதை டிஃபரன்ஷியல் ஒழுகல் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மாருதி ஜிப்ஸியின் முன் சக்கரத்துக்கு உட்புறம் கஞ்சி போல் கறுப்பாக வழிகிறது.

பதில்: ஆக்சில் முனையில் உள்ள உள் சீல் போயிருக்கிறது. கியர் ஆயில், சக்கரம் திரும்பும் மூட்டை மூடியிருக்கும் உருண்டைக் கூட்டுக்குள் புகுந்து, அங்குள்ள கிரீஸைக் கரைத்துவிட்டது. சீல் மாற்றும்போதே கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் முளை) பேரிங்கையும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது வேறொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒழுகினால் ஹவுசிங் குழல் வளைந்திருக்கலாம்.

கேள்வி: மலைமேல் இருக்கும்போது முன் டிஃபரன்ஷியல் கடகடவென்று சத்தம் போட்டால் எப்படி இறங்குவது?

பதில்: உடனே இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றுங்கள். முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) சக்கரத்தை ஆக்சில் தண்டோடு இணைக்கும் லாக் இருந்தால் இரண்டு பக்கமும் விடுவியுங்கள். டிஃபரன்ஷியல் சுற்றுவதே நின்றுவிடும். லாக் இல்லாத வண்டியில் சக்கரம் உருளும் வரை உள்ளே பற்களும் உருளும். அப்போது முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையாவது கழற்றிவிட்டு, நடந்து போகும் வேகத்தில் இறங்குங்கள். ஷாஃப்ட் கழற்றிய ஜீப்பில் நான்கு சக்கர லோ கியரைப் போட்டால் விசை முழுவதும் பின் சக்கரங்களுக்குப் போகும். இறக்கத்தில் இன்ஜின் பிடிக்க அது உதவும், ஆனால் பின் ஆக்சில் அத்தனை சுமையையும் தாங்க வேண்டும். கிளட்சை மெல்ல விடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது கைபிரேக்கை மட்டும் நம்பாமல் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: ஓடையைக் கடந்த மறுநாள் ஆயில் பால் விட்ட காபி போல் இருக்கிறது. சீல் மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் ஆயிலை மாற்றுங்கள், இன்றே. சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்திருக்கிறது. அந்த ஆயிலோடு நின்றால் பேரிங் துருப்பிடிக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் ஜிஎல்-5 தரக் கியர் ஆயிலை ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பவும் பாருங்கள். பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். அதன் பிறகும் தண்ணீர் புகுந்தால் சீலைப் பார்க்கலாம்.