சிங்கமுகக் காப்பும் ஆய்வகச் சான்றிதழும்

வாசகர் கேள்வி: இரு முனைகளிலும் சிங்கத்தலை கொண்ட தங்கக் காப்பு ஒன்று, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட அகாமனிசியர் கால நகை என்று இணைய ஏலத்துக்கு வந்துள்ளது. தங்கத்தின் தூய்மைக்கு ஆய்வகச் சான்றிதழும் தருகிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தங்கத்தின் மாற்று எவ்வளவு என்பதை அது சொல்லும். அந்தத் தங்கம் எப்போது காப்பாக அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

அகாமனிசியர் காப்புகள் பெரும்பாலும் முனைகள் சேராமல் திறந்திருக்கும். திறப்புக்கு எதிர்ப்புறம் வளையம் சற்றே உள்நோக்கி வளைந்திருப்பதும் உண்டு. ஆனால் அவர்களின் தலைநகரான பெர்செபோலிஸின் அபதானா மண்டபப் படிக்கட்டுச் சிற்பங்களில் தூதர்கள் ஏந்திவரும் காப்புகளைப் பார்த்து இவற்றை நாம் அறிவதுபோலவே, போலி செய்பவரும் அறிவார். ஆகவே வடிவம் பொருந்துவது எதையும் நிறுவாது.

உருப்பெருக்கியின்கீழ் பார்க்கையில் நகையின் கம்பியில் நெடுக இணைகோடுகள் ஓடினால், அது அச்சுத் துளை வழியே இழுத்த பிற்காலக் கம்பியாக இருக்கலாம். அக்காலப் பொற்கொல்லர்கள் பெரும்பாலும் மெல்லிய தங்கப் பட்டையை முறுக்கிக் கம்பி செய்தார்கள். பற்றவைத்த இடத்தில் காட்மியம் என்னும் உலோகம் இருந்தால், அந்தப் பற்றவைப்பாவது அண்மைக் காலத்தது. இச்சோதனைகள் போலியைக் காட்டிக்கொடுக்கக்கூடும். இவற்றில் தேறிவிட்டதாலேயே பழமை உறுதியாகாது.

காலத்தை உறுதியாகச் சொல்ல, நகை கிடந்த இடம் வேண்டும். ஈரானின் சூசாவில் 1901இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜாக் த மோர்கன் கண்டெடுத்த வெண்கலச் சவப்பெட்டியில், லாபிஸ் லசூலி என்னும் நீலநிறக் கல், டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல், முத்துச்சிப்பி ஆகியவை பதித்த சிங்கத்தலை நகைகள் இருந்தன. உடன் கிடந்த பினீசிய நகரமான அராடஸின் நாணயங்களே அவற்றை கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி வைக்க உதவின. இன்று அவை லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன. மாறாக, 1870களின் இறுதியில் மத்திய ஆசியாவின் அமு தார்யா (பழம்பெயர் ஆக்சஸ்) ஆற்றங்கரையில் கிடைத்த ஆக்சஸ் புதையல் வணிகர் கைகள் பல மாறி ராவல்பிண்டி வழியாக வந்தது. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கான கிரிஃபினின் தலை பொருந்திய அதன் காப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அந்தத் தொகுப்பின் சில பொருள்கள் உண்மையானவைதானா என்ற விவாதம் எழுந்ததற்கு, அகழாய்வுப் பதிவு இல்லாததே முக்கியக் காரணம்.

எனவே விற்பவரிடம் கண்டெடுத்த இடம், வெளிநாடு சென்ற ஆண்டு, ஏற்றுமதி அனுமதி ஆகியவற்றுக்கான ஆவணங்களைக் கேளுங்கள். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் நிறைவேறியது. அதற்கு முற்பட்ட ஒளிப்படமோ ஏலப் பட்டியலோ இருந்தால் நல்லது. ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்ற சொற்றொடர் ஆவணம் ஆகாது. ஆவணம் எதுவுமில்லையென்றால், காப்பு உண்மையானதாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். கல்லறையைக் களவாகத் தோண்டி எடுத்ததாக அது இருக்கக்கூடும். அந்த வடிவம்தான் உங்களைக் கவர்ந்தது என்றால், சூசா நகையின் படத்தைத் தேர்ந்த பொற்கொல்லரிடம் காட்டி, செய்கூலி கொடுத்துப் புதிதாகவே செய்துகொள்ளலாம்.